வாசகர் எண் ஒன்று

கணக்கு: ...அந்த அரை மணி நேரத்தை நீங்களா கேட்டீங்களா, சட்டக் குழுத் தலைவரா குடுத்தாரா?

பேராசிரியர்: நான்தான் கேட்டேன்.

கணக்கு: நல்லா கேட்டீங்க போங்க! அரை மணி நேரத்துல எங்கேருந்துக்கா ஆளைப் பிடிச்சுட்டு வருவீங்க?

பேராசிரியர்: முதல்ல கதவைச் சாத்து. அந்த மருந்துக் கம்பெனி வக்கீல் வராண்டாவுல உலாத்திக்கிட்டு இருக்கான். கால் அங்க நடக்குது, காது இங்கதான் இருக்கு.

கணக்கு: சாத்தியாச்சு. உக்காருங்க... ஐயோ, அதுல இல்ல, அந்த நாற்காலி ஆடுது. இதுல. தண்ணி குடிக்கிறீங்களா?

பேராசிரியர்: வேணாம்... சரி, குடு.

கணக்கு: முந்தானையை ஏன் இப்படி இழுத்துப் போத்திக்கிறீங்க?

பேராசிரியர்: ஏசி குளிரு.

கணக்கு: அந்த ஏசி ஓடலக்கா. சும்மா சொட்டிக்கிட்டு இருக்கு.

பேராசிரியர்: முப்பது வருஷமா என் எண்ணை எல்லாம் சரிபாத்தது பத்தாதா? இப்ப என் குளிரையும் சரிபாக்கணுமா?

கணக்கு: யாரு கூப்பிட்டா? ஒரே ஒரு வாரம், கொஞ்சம் கூட்டல் கழித்தல் பாத்துக் குடும்மான்னு புள்ளியியல் துறையிலேருந்து இழுத்துட்டு வந்தீங்க. இன்னும் அந்த வாரம் முடியல. என் சொந்தப் பேரே மறந்துபோய், துறை வாசல்ல நிக்கிற காவலாளி வரைக்கும் 'கணக்கம்மா'ங்கறாங்க.

பேராசிரியர்: பேரு பொருந்தித்தானே இருக்கு?

கணக்கு: பேச்சை மாத்தாதீங்க. காலையில எவ்வளவு ஜோரா ஆரம்பிச்சுது! மருந்துப் பெட்டிக்குள்ள திணிச்சு வைக்கிறான் பாருங்க, அந்தத் தாளை நீங்க விரிச்சு விரிச்சு... எட்டு மடிப்பு! தலைவரே சிரிச்சுட்டார். 'மேற்கூறிய நிலையில் உடனே நிறுத்தவும்'னு நீங்க வாசிச்சுக் காட்டினதும், மேலே என்ன கூறியிருக்குன்னு அவரும் தேடறார், தேடறார்...

பேராசிரியர்: அதான்டி, அந்தத் தேடல்தான். தேடும்போது கண்ணு பின்னால போகுதா இல்லையா? அதைத்தானே வாழ்க்கை பூரா எண்ணிக்கிட்டு இருக்கேன். வாக்கியத்துக்கு வாக்கியம் கைகோத்துக்கிட்டு வந்தா, கண்ணு பாட்டுக்கு முன்னால போய்க்கிட்டே இருக்கும். எங்க கை விட்டுப்போச்சோ அங்க கண்ணு திரும்பும்.

கணக்கு: மேசை மேல ஒரு முகக்கண்ணாடி, பின்னால ஒரு ஆளு, அவர் கையில எண்ணற கருவி. வாசகர் கண்ணு ஒரு தடவை திரும்பினா ஒரு 'டக்'. தூக்கத்துலயும் ஒப்பிப்பேன்.

பேராசிரியர்: ஒப்பிச்சு என்ன பண்ண... ஒரே கேள்வியில கவுத்துட்டானே!

கணக்கு: கவுக்கல. கேட்டான்.

பேராசிரியர்: என்ன கேட்டான்? சொல்லு, இன்னொரு தடவை கேக்கறேன்.

கணக்கு: 'இருநூத்திப் பன்னெண்டு பேரைப் படிக்க வச்சிருக்கீங்க. அதுல இருநூத்திப் பதினொரு பேர் எங்க கம்பெனித் தாளைத் தட்டுத் தடுமாறியாவது தாண்டிட்டாங்க. வாசகர் எண் ஒன்றுன்னு போட்டிருக்கீங்களே, அவர் ஒருத்தருக்குத்தான் ஒரு பக்கத்துல நாப்பது தடவை கண்ணு திரும்புது. அந்த ஒத்தை ஆளை எல்லையா வச்சு நாட்டுக்கே அளவுகோல் போடுவீங்களா? அப்படி ஒரு ஆளு நிஜமாவே உண்டா, இல்ல நீங்களே உக்காந்து எழுதிக்கிட்ட எண்ணா?'

பேராசிரியர்: அவன் குரல்லயே சொல்றியே. பாவி.

கணக்கு: அவன் கேட்டதோட விட்டிருந்தாகூட சமாளிச்சிருக்கலாம். பார்வையாளர் பக்கத்துலேருந்து பேரில்லாம ஒரு சீட்டு வந்துச்சு பாருங்க, 'அந்த வாசகரை இங்கேயே வரச் சொல்லிப் படிக்க வைங்க'ன்னு... தலைவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

பேராசிரியர்: ம்.

கணக்கு: எவன் எழுதினானோ! வக்கீலோட ஆளாத்தான் இருக்கணும்.

பேராசிரியர்: இருக்கும், இருக்கும்.

கணக்கு: அக்கா, நேரம் போகுது. நான் ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது.

பேராசிரியர்: கோவிச்சுக்குவேன். சொல்லு.

கணக்கு: வாசகர் ஒன்றை எடுத்துடுங்க.

பேராசிரியர்: ஆரம்பிச்சுட்டா!

கணக்கு: கேளுங்க. இருநூத்திப் பதினொரு பேரே போதும். உள்ள போய், 'அவர் வர முடியல, அவர் எண்ணிக்கையை விலக்கிக்கறோம்'னு சொன்னா, அளவுகோல் கொஞ்சம் தளரும். ஆனா சட்டம் வந்துடும். அடுத்த மாசம் உங்களுக்கு ஓய்வு. நாளையோட இந்தக் குழுவே கலையுது. இன்னைக்கு விட்டா இன்னொரு குழு எப்ப வருமோ.

பேராசிரியர்: கொஞ்சம் தளருமா? எவ்வளவு?

கணக்கு: ...பக்கத்துக்கு மூணு திரும்பல்னு இருக்கிற எல்லை, இருபதுக்குப் போகும்.

பேராசிரியர்: இருபதுன்னா அவன் எட்டு மடிப்புத் தாளே பாஸ். ஒரு எழுத்தை மாத்த வேணாம். மாலை போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவான். அதுக்குப் பேரு சட்டமா?

கணக்கு: நான் சொல்றது...

பேராசிரியர்: நூறு பேர்ல அஞ்சாறு பேருக்குப் படிக்கும்போது வரி தாவும்டி. அவங்க யாரும் ஆராய்ச்சிக்குன்னு நம்மகிட்ட வந்து உக்கார மாட்டாங்க. 'கண்ணாடி மறந்துட்டேன்'பாங்க, 'அவசர வேலை'ம்பாங்க, நழுவிடுவாங்க. மருந்துக்கடைக்கு மட்டும் வந்துதானே ஆகணும்? வராதவங்க எல்லாருக்குமா சேத்துத்தான் அந்த ஒருத்தர் உக்காந்து படிச்சார்.

கணக்கு: இதையேதான் அந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்கும் எழுதினீங்க. மூணு தடவை திருப்பி அனுப்பினான். 'வாசகர் ஒன்றை நீக்கினால் வெளியிடுகிறோம்.'

பேராசிரியர்: நாலாவது தடவை போட்டானா இல்லையா?

கணக்கு: போட்டான். ஆறு வருஷம் கழிச்சு! அதுக்குள்ள உங்களுக்கு வர வேண்டிய பதவி உங்க ஜூனியருக்குப் போச்சு.

பேராசிரியர்: போகட்டுமே. அவன் நல்லாத்தான் காபி வாங்கிக் குடுத்தான்.

கணக்கு: பழைய துறைத் தலைவர் ஞாபகம் இருக்கா? 'மொழியியல் துறையில பாலர் வகுப்பு நடத்தறாங்க, கண்ணைப் பாத்து டக் டக்குன்னு தட்டறாங்க'ன்னு கூட்டத்துலயே சொன்னாரே.

பேராசிரியர்: அவரே ஓய்வு வாங்கினப்புறம் குடிநீர் வாரிய நோட்டீஸைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தார். 'அம்மா, என் வீட்டு இணைப்பை வெட்டப் போறாங்களா, வெட்ட மாட்டாங்களா? ரெண்டு நாளா படிக்கிறேன்.'

கணக்கு: அந்த நோட்டீஸைத்தானே மாத்தி எழுதிக் குடுத்தோம்! புகார்க் கடிதம் பாதியாக் குறைஞ்சுது. வாரியத்துக்காரங்க நம்பவே இல்ல, என்னை ரெண்டு தடவை எண்ணச் சொன்னாங்க.

பேராசிரியர்: அன்னைக்கு நீ நடந்த நடை இருக்கே... தரையில கால் படல.

கணக்கு: உங்களுக்கு மட்டும் பட்டுதாக்கும்? ...சரி. பன்னெண்டு நிமிஷம் இருக்கு. யாருக்கா அந்த ஆளு?

பேராசிரியர்: இருக்காங்க ஒருத்தர்.

கணக்கு: முப்பது வருஷமா இதே பதில்! நானூறு உரைக்கு மேல படிச்சிருக்கார். ஒவ்வொரு உரையையும் மடிச்சு உறையில போட்டு ஒட்டி, மேல 'வாசகர் 1'னு எழுதி உங்க மேசையில வச்சது நானு. யாருன்னு தெரியாத ஆளுக்குத் தபால்காரி வேலை. வெளியூரா? கூச்ச சுபாவமா? ஜெயில்ல கியில்ல இருக்காரா?

பேராசிரியர்: கிட்டத்தட்ட.

கணக்கு: என்னது!

பேராசிரியர்: வாயைப் பிடுங்காதடி. அவங்களுக்குப் பயம். வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்னு பயம்.

கணக்கு: படிக்கத் திணறினா மானம் போயிடுமா? நீங்கதானே மேடைக்கு மேடை 'தப்பு வாசகர் மேல இல்ல, தாள் மேல'ன்னு சொல்றீங்க?

பேராசிரியர்: மேடையில சொல்றது சுலபம்.

கணக்கு: அப்ப அவங்ககிட்டப் போய் அதையே சொல்லுங்க. 'அம்மா தாயே, உங்க ஒருத்தர் பயத்துல இத்தனை பேரு மாத்திரையை மாத்தி முழுங்கப் போறாங்க'ன்னு சொல்லுங்க.

பேராசிரியர்: அந்தத் தண்ணியை இன்னும் கொஞ்சம் குடு.

கணக்கு: அக்கா?

பேராசிரியர்: சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தச் சீட்டு வந்ததுலேருந்து.

கணக்கு: என்ன சொல்றாங்க?

பேராசிரியர்: எழுந்திரு. கதவைத் திற.

கணக்கு: ஆளு?

பேராசிரியர்: வந்துடுவாங்க. என் புடவை மடிப்பு சரியா இருக்கா பாரு.

* * *

தலைவர்: எல்லாரும் வந்தாச்சா? வக்கீல் ஐயா, உக்காருங்க. ம்... பேராசிரியர் அம்மா, அரை மணி நேரம் ஆச்சு. உங்க வாசகர் வந்திருக்காரா?

பேராசிரியர்: வந்திருக்காங்க, ஐயா.

தலைவர்: எங்கே? உள்ள வரச் சொல்லுங்க. காலையில காட்டினீங்களே, அந்தக் கண்ணாடி மேசை அப்படியேதான் இருக்கு... அம்மா, அது வாசகருக்குப் போட்ட நாற்காலி. நீங்க இந்தப் பக்கம்...

பேராசிரியர்: தெரியுங்க ஐயா. அதனாலதான் உக்காந்தேன்.

தலைவர்: புரியலையே.

பேராசிரியர்: வாசகர் எண் ஒன்று நான்தான்.

தலைவர்: ...அமைதி! பின்வரிசை, அமைதி! வக்கீல் ஐயா, உங்களுக்கு அப்புறம் நேரம் தர்றேன், உக்காருங்க. அம்மா, நீங்க... விளையாடறீங்களா?

பேராசிரியர்: இல்லீங்க. எனக்குச் சின்ன வயசுலேருந்தே வரி தாவும். நாலாவது வரி படிக்கும்போது ரெண்டாவது வரி வந்து நிக்கும். பள்ளிக்கூடத்துல சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னா வாயே திறக்க மாட்டேன். 'ஊமை'ன்னு பேரு வச்சாங்க. அந்தப் பேரு பரவாயில்லன்னு இருந்துட்டேன்.

தலைவர்: அப்புறம் எப்படி இத்தனை பட்டம்?

பேராசிரியர்: காதால படிச்சேன். எங்க வீட்டுல என் அக்கா வாசிப்பாங்க, நான் கேப்பேன். ஆனா ஒண்ணு கவனிச்சேன் ஐயா. சில புத்தகம் மட்டும் எனக்கு ஓடும். தங்குதடை இல்லாம ஓடும். அதே கண்ணு, அதே நானு. அப்ப கோளாறு என் கண்ணுல மட்டும் இல்லையே? தாள்லயும் இருக்கு இல்ல? அந்த ஒரு கேள்விதான் என் வேலை மொத்தமும்.

தலைவர்: நீங்களே ஆராய்ச்சி பண்ணி, நீங்களே வாசகரா உக்காந்தா... வக்கீல் அதைத்தான் கேக்க வர்றார்.

பேராசிரியர்: கேக்கட்டும். நான் எழுதின எதையும் நான் படிச்சுக் காட்டினதில்ல. எனக்கு எந்த உரைன்னு முடிவு பண்ணி உறையில போட்டு ஒட்டினது இதோ இவங்க, கணக்கு. என் கண்ணை எண்ணினது எங்க வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கார். கண்ணைப் பாக்கிறதுதான் அவருக்குத் தொழிலே. ஒவ்வொரு தாள்லயும் அவர் கையெழுத்து இருக்கு.

தலைவர்: கணக்கம்மா, அப்படியா?

கணக்கு: உறை ஒட்டினது நான்தாங்க. எண்ணிக்கையும் ஒட்டுமொத்தமா சரிபாத்திருக்கேன். அந்த நானூறு தாளும் வெளியில காருக்குள்ள இருக்கு. இறக்கச் சொல்லவா?

தலைவர்: இப்ப வேணாம். வக்கீல் சொல்றார், கண்ணை யாரும் வேணும்னே ஆட்டிக் காட்டலாமாம்.

பேராசிரியர்: நியாயமான சந்தேகம். அப்ப கண்ணோட விட்டுடாதீங்க, கேள்வியும் கேளுங்க. நான் பாக்காத தாளைக் குடுங்க. நீங்களே எண்ணுங்க, ஐயா.

தலைவர்: நானா? ...சரி, அந்தக் கருவியைக் குடுங்க. மருத்துவமனைலேருந்து ஒட்டின உறை ரெண்டு வந்திருக்கு. தாளும் கேள்வியும் பதிலும் உள்ள இருக்கு, நானே இன்னும் பிரிக்கல. முதல்லது கம்பெனியோட தாள். காய்ச்சல் மருந்து. இந்தாங்க... கண்ணாடியில உங்க கண்ணு நல்லாத் தெரியுது. ஆரம்பிங்க.

பேராசிரியர்: ஆரம்பிக்கறேன்.

தலைவர்: ...ஒண்ணு. ...ரெண்டு. மூணு. நாலு, அஞ்சு... அம்மா, கொஞ்சம் மெதுவா, என் விரல் ஈடுகுடுக்கல. ...பதினேழு. ...பதினெட்டு. பத்தொன்பது, இருபது... ம்ஹூம், திரும்பவும் அதே இடம். ...முப்பத்தாறு. முப்பத்தேழு. ...முப்பத்தொன்பது.

பேராசிரியர்: ஒரு பக்கம் முடிஞ்சுது. பின்பக்கமும்...

தலைவர்: போதும், போதும். கேள்விக்கு வருவோம். ஆறு வயசுக் குழந்தை, சிறுநீரகக் கோளாறு இருக்கு, நல்ல காய்ச்சல். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை குடுக்கலாம்?

பேராசிரியர்: தெரியலீங்க.

தலைவர்: நிஜமாவா?

பேராசிரியர்: இத்தனை பேரு முன்னால இதைச் சொல்றதுக்கு நான் அம்பது வருஷம் பயந்துக்கிட்டு இருந்தேன் ஐயா. பொய்யாவா சொல்வேன்? படிச்சேன். தெரியல.

தலைவர்: வக்கீல் ஐயா சிரிக்கிறார். சரி ஐயா, தாள் உங்க கையிலயும் இருக்கு, நீங்க சொல்லுங்க. ...நிதானமாப் பாருங்க. ...ரெண்டா? உறுதியா? ...ரெண்டு. பதில் உறையைப் பிரிக்கறேன். 'இந்த மருந்தை இக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. தாளின் முன்பக்கம், ஏழாவது மடிப்பு, கடைசிப் பத்தி.'

கணக்கு: ஐயோ.

தலைவர்: வக்கீல் ஐயா... உங்க தாளை நம்பி, உங்க கையாலேயே, அந்தக் குழந்தைக்கு ரெண்டு மாத்திரை குடுத்துட்டீங்க. 'தெரியல'ன்னு சொன்ன அம்மா குடுக்கல.

பேராசிரியர்: அவர் மேல தப்பில்லீங்க. வேகமாப் படிக்கிறவங்க விட்டுப்போன இடத்தைத் தாண்டிக் குதிச்சுடுவாங்க. குதிச்சதே அவங்களுக்குத் தெரியாது. என்னை மாதிரி ஆளுதான் குழியில விழுந்து, இங்க குழி இருக்குன்னு காட்டறோம்.

தலைவர்: ...எழுதிக்கிட்டீங்களா, உதவியாளரே? அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்க. இப்ப ரெண்டாவது உறை. இது உங்க அளவுகோலை வச்சு அரசு மொழிபெயர்ப்பாளர்கள் திருத்தி எழுதினது. வலிப்பு மருந்து. நீங்க பாத்ததில்லையே?

பேராசிரியர்: இல்ல. ...ஆரம்பிக்கலாமா?

தலைவர்: ம். ...ம். ...கருவி கெட்டுப்போச்சா? ...ஓ, இதோ, ஒண்ணு. ...ம். ...என்ன, பக்கம் முடிஞ்சுதா?

பேராசிரியர்: முடிஞ்சுது. அந்த ஒண்ணு எங்கன்னா, மூணாவது பத்தியில 'இந்நேரம்'னு இருக்கு. எந்த நேரம்னு ஒரு வார்த்தை சேத்துட்டா அதுவும் இருக்காது.

தலைவர்: கேள்வி: ஒரு வேளை மாத்திரை விட்டுப்போச்சு. என்ன பண்ணணும்?

பேராசிரியர்: ஞாபகம் வந்த உடனே ஒண்ணு போட்டுக்கணும். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரம்கூட இல்லன்னா விட்டுடணும். எக்காரணம் கொண்டும் ரெண்டாப் போடக் கூடாது. ரெண்டு வேளை தொடர்ந்து விட்டுப்போச்சுன்னா, மருத்துவருக்குச் சொல்லணும்.

தலைவர்: ...வார்த்தைக்கு வார்த்தை சரி. உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க! அவையில கைதட்டறது வழக்கம் இல்ல... நான் சொல்றது கேக்குதா? ...சரி, தட்டுங்க. நல்லாத் தட்டுங்க. உறுப்பினர்கள்? ...ம், ம்... நீங்க? ...அஞ்சு பேரும். அம்மா, பக்கத்துக்கு மூணு. ஒரு புள்ளிகூடத் தளராது. வாசகர் எண் ஒன்று தாண்டாத எந்தத் தாளும் இனிமே மருந்துப் பெட்டிக்குள்ள போகாது.

* * *

கணக்கு: மெதுவா, படி வழுக்கும். இன்னும் எத்தனை பேருக்குத்தான் கை குடுப்பீங்க? நம்ம துறைக் காவலாளியும் கேக்க வந்திருக்கார் பாருங்க, உங்க கையை விடவே மாட்டேங்கறாரே!

பேராசிரியர்: காதுல என்ன சொன்னார் தெரியுமா? 'எனக்கும் வரி தாவும்மா. வீட்டுல யாருக்கும் தெரியாது.' முப்பது வருஷம் தினமும் வணக்கம் சொன்ன ஆளுடி!

கணக்கு: அழாதீங்க. ஜெயிச்சுட்டு யாராவது அழுவாங்களா?

பேராசிரியர்: ஜெயிச்சாத்தான் அழ முடியும். தோத்திருந்தா சாயங்காலமே அடுத்த மனு எழுத உக்காந்திருப்பேன். சந்தோஷமா இருக்குடி. உடம்பே லேசாயிட்ட மாதிரி இருக்கு.

கணக்கு: உங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டீங்களா?

பேராசிரியர்: போட்டேன். 'கடையைச் சாத்திட்டு வர்றேன், தலைவர் சரியா எண்ணினாரா, முப்பத்தொன்பதுதானா, எனக்கு நாப்பது வந்திருக்கும்'ங்கறார்.

கணக்கு: பொறாமை! ...ஆனாலும் எனக்குக் கோவம்தான். என்கிட்டகூட மறைச்சுட்டீங்களே? உள்ள நீங்க 'நான்தான்'னு சொன்னப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

பேராசிரியர்: அப்படியா? பாக்கலையே நான்.

கணக்கு: ஆமா! கையும் ஓடல, காலும் ஓடல.

பேராசிரியர்: பாவம்.

கணக்கு: அந்தச் சீட்டு எழுதினவன் மேல உங்களுக்குக் கோவம் இல்லையா? அவன்தானே இத்தனை பேரு முன்னால உங்களை இழுத்து விட்டது?

பேராசிரியர்: அரை மணி நேரம் இருந்துச்சு. அவ்வளவு கோவம். கழுத்தை நெரிச்சுடலாம்னு இருந்துச்சு. இப்ப இல்ல.

கணக்கு: யாருன்னு தெரிஞ்சாத்தானே நெரிக்கிறதுக்கு!

பேராசிரியர்: நீ மத்தவங்களுக்கு எழுதற அறிக்கையை எல்லாம் நான் பாத்திருக்கேன்டி கணக்கு. ஒவ்வொண்ணும் இடியாப்பச் சிக்கல். எனக்கு எழுதறது மட்டும், நீ வந்த ரெண்டாவது வருஷத்துலேருந்து, வரிக்கு வரி கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கும். ஏன்னு நான் கேட்டதில்ல, நீயும் சொன்னதில்ல. இன்னைக்கு 'எடுத்துடுங்க'ன்னு நீ சொன்னதும் என்னை உசுப்பிவிடத்தான்னு தெரியும். தலைவர் என் கையில குடுத்தாரே, அந்தச் சீட்டுல அஞ்சு வாக்கியம் இருந்துச்சு. கடைசி வரைக்கும் என் கண்ணு ஒரு தடவைகூடத் திரும்பல. எனக்குன்னு அப்படி எழுதத் தெரிஞ்ச ஆளு இந்த உலகத்துல நீ ஒருத்திதான்.